இது எப்படி மூச்சு விடுகிறது? குழந்தைகளோடு குளத்தைப் பார்க்க ஒரு கேள்வி

குழந்தைகளை இயற்கையோடு பழக விட வேண்டும் என்று சொல்லாத ஆளே இல்லை. சரி, குளத்தங்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போயாகிவிட்டது. அப்புறம்? அங்கேதான் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. “அதோ பார் தவளை”, “இதோ பார் தட்டான்” என்று விரல் நீட்டுகிறோம். பிள்ளையும் பார்க்கிறது. நாலைந்து பெயர் ஆனதும் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிய ஆரம்பித்துவிடுகிறது. இந்த விஷயத்தில் நான் பிள்ளையின் கட்சி. பெயர்ப் பட்டியலைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிடக் கல் எறிவது சுவாரசியமான வேலை. எறிந்தால் ஏதாவது நடக்கிறது அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. குளத்தைப் பற்றிப் பெரியவர்கள் அடித்துச் சொல்லும் பல விஷயங்கள் தவறானவை. மீன் தண்ணீரை உடைத்து அதிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்கிறது என்பார்கள். தலைப்பிரட்டையின் வால் ஒரு நாள் அறுந்து விழுந்துவிடும் என்பார்கள். நீர்த்தேளின் வாலில் கொடுக்கு இருக்கிறது, தண்ணீர் பச்சையாக இருந்தால் அது செத்த குளம், சேற்றில் நெளியும் சிவப்புப் புழு ரத்தம் குடிக்கும் என்றும் கேட்டிருப்பீர்கள். ஒன்றுகூடச் சரியில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே இழையில் பிடித்துப் பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது: இது எப்படி மூச்சு விடுகிறது?

ஏன் இந்தக் கேள்வி? நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் அந்தப் பூச்சி எதையும் தின்னாமல் இருக்கலாம். முட்டையிடுவதோ உருமாறுவதோ நம் கண்முன் நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால் மூச்சை எந்த உயிராலும் ரொம்ப நேரம் தள்ளிப்போட முடியாது. காத்திருந்தால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். மேலும், மூச்சு என்றால் என்ன என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டாலே தெரிந்துவிடும்.

மூழ்கும் ஆளிடமிருந்து தொடங்குவோம்

தண்ணீர்ப் பக்கம் போவதற்கு முன்பே, வீட்டிலோ வகுப்பறையிலோ இதைக் கேட்டுப் பாருங்கள்: “நீ நாள் முழுக்கத் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கணும். என்ன செய்வாய்?”

முதல் விடை பெரும்பாலும் “மூச்சைப் பிடித்துக்கொள்வேன்” என்பதுதான். உட்கார்ந்த இடத்திலேயே சில நொடிகள் பிடித்துப் பார்க்கட்டும். அது நடக்காது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தண்ணீரில் இறங்கி இதைச் செய்து பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை “நீளமான குழாயை வாயில் வைத்துக்கொள்வேன்” என்று சொல்லும். இன்னொன்று “முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொள்வேன்” என்று சொல்லும். கடைசியில் ஒரு வாண்டு “நான் மீனாகவே மாறிவிடுவேன்” என்று போட்டியை முடித்துவைக்கும்.

எல்லா விடையுமே சரி. குளத்தில் குழாய் வைத்திருக்கும் உயிர்கள் உண்டு, காற்றைச் சுமந்துகொண்டு மூழ்கும் உயிர்கள் உண்டு, மீனைப் போலத் தண்ணீரிலிருந்தே ஆக்ஸிஜன் எடுப்பவை உண்டு. ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு வாழ்நாளின் நடுவில் மாறிக்கொள்பவையும் உண்டு. யார் எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பதுதான் குளத்தங்கரையில் பிள்ளைகளின் வேலை.

குழாய் வைத்திருப்பவை

கொசுப்புழுவிலிருந்து தொடங்குவது சுலபம். பல வகைக் கொசுப்புழுக்கள் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும். வால் பக்கம் இருக்கும் சிறு குழாயின் நுனி மட்டும் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறது. கையின் நிழலை மேலே காட்டினால் கூட்டமாக நெளிந்து அடியில் இறங்கும். சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்துவிடும். “ஏன் திரும்ப வருது?” என்று பிள்ளையைக் கேளுங்கள். விடையைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்காது.

மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் வகையின் புழுவுக்கு அந்த நீண்ட குழாய் கிடையாது. அதனால் அது தொங்காமல் மேற்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கும். புழு வளர்ந்து கூட்டுப்புழுவான பிறகு இன்னொரு வேடிக்கை. வால் பக்கம் இருந்த குழாய் போய், தலையை ஒட்டிய பகுதியில் இரண்டு சிறு குழாய்கள் வந்துவிடும். கூட்டுப்புழு என்றால் அசையாமல் கிடக்கும் என்று நினைப்போம். கொசுவின் கூட்டுப்புழு சுருண்ட உடலோடு நன்றாகவே குட்டிக்கரணம் போடும். ஒரு எச்சரிக்கை: வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டப்பாவில் எடுத்த கொசுப்புழுவைப் பார்த்து முடித்ததும் தண்ணீரோடு காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

அடுத்து நீர்த்தேள். பெயரும் உருவமும் பயமுறுத்தும். வாலைப் பார்த்து ஒதுங்குவார்கள். அந்த வால் ஒரு மூச்சுக்குழாய். இரண்டு பாதிகள் சேர்ந்து நடுவில் குழல் போல் அமைந்திருக்கும். நீர்த்தேள் செடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக இருந்தபடி, வால் நுனியை மட்டும் மேற்பரப்புக்கு நீட்டி, இரைக்காகக் காத்திருக்கும். வாலில் கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் அதன் ஊசி வாய் குத்தும். கையில் எடுக்க வேண்டாம்.

காற்றைச் சுமந்து போகிறவை

பூச்சிகளுக்கு மூக்கால் மூச்சு விடும் வழக்கம் கிடையாது. உடலின் பக்கவாட்டில் வரிசையாக நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றை மூச்சுத்துளைகள் என்பார்கள். அங்கே நுழையும் காற்று மெல்லிய குழல்கள் வழியாக நேராக உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் போய்ச் சேரும். நம்மைப் போல ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. “பூச்சியின் மூக்கு எங்கே?” என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், “விலாவில்” என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று தன் விலாவைத் தொட்டுப் பார்க்கும்.

நீர்வண்டின் மூச்சுத்துளைகள் முதுகை மூடியிருக்கும் கெட்டியான இறக்கை உறைகளுக்கு அடியில் திறக்கின்றன. வண்டு மேலே வந்து பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே லேசாக நீட்டும். அந்த உறைக்கும் முதுகுக்கும் நடுவில் காற்றை அடைத்துக்கொள்ளும், உடனே மூழ்கிவிடும். சில நேரம் ஒரு குமிழி வால் பக்கம் ஒட்டிக்கொண்டு வெள்ளியாக மின்னும். மல்லாந்து படுத்தபடியே துடுப்புக் காலால் நீந்தும் சிறு பூச்சி ஒன்றும் குளங்களில் சாதாரணமாகத் தென்படும். அதுவும் வயிற்றுப் பக்கத்து நுண்மயிர்களில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவும் கடிக்கும், நன்றாகவே வலிக்கும்.

இதுவரை வந்தவை எல்லாம் தண்ணீரில் வாழ்ந்தாலும், வானத்துக் காற்றை நம்பி இருப்பவை. குழாயோ குமிழியோ, எதுவானாலும் மேலே வந்து போகத்தான் வேண்டும். மேலே வராமலே இருப்பவற்றின் கதை வேறு.

தண்ணீருக்குள் காற்று இருக்கிறதா?

பெரிய குழப்பம் இங்கேதான். தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு, மீன் அந்த ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் ஹைட்ரஜனோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்க மீனின் செவுளுக்கு வழியே கிடையாது. மீன் எடுப்பது வேறு ஆக்ஸிஜன். காற்றிலிருந்து வந்து, தண்ணீரோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் தனியாக இருக்கும் வாயு. இதற்குக் கரைந்த ஆக்ஸிஜன் என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, அறையிலேயே சில மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்சுவரில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக, அதில் கரைந்திருந்த காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது. அந்தக் காற்றுதான் குமிழி. “தண்ணிக்குள்ளே காத்து ஒளிஞ்சிருந்துச்சு” என்று பிள்ளை சொன்னால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

இந்தக் கரைந்த ஆக்ஸிஜன் குளத்துக்கு வரும் வழிகள் இரண்டு. காற்று மேற்பரப்பைத் தொடும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கலக்கிறது. அலையும் மழையும் கலக்கிவிட்டால் இன்னும் வேகமாக. மற்றொன்று, நீர்ச்செடிகளும் பாசிகளும் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும்போது வெளியிடுவது. நீர்ச்செடித் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால், தண்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புவதைப் பார்க்கலாம்.

எவ்வளவு ஆக்ஸிஜன்? ரொம்பக் குறைவு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது முப்பது மடங்கு. இந்த எண்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம், நமக்கு வேண்டும். தண்ணீரில் மூச்சு விடுவது எவ்வளவு சிரமமான பிழைப்பு என்று இதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

அந்தச் சிரமத்துக்கான விடைதான் செவுள். தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்கும் உறுப்பு எதுவானாலும் செவுள் எனலாம். மீனில் அது மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. உள்ளே ரத்தம் ஓடும், வெளியே தண்ணீர் ஓடும், நடுவில் மிக மெல்லிய சவ்வு. தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் அந்தச் சவ்வைக் கடந்து ரத்தத்துக்குப் போகிறது. இருப்பதே கொஞ்சம் என்பதால், அதைத் தவறவிடாமல் எடுக்க நிறையப் பரப்பு வேண்டும். அதற்குத்தான் அத்தனை அடுக்கு.

மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைத் தண்ணீர் குடிப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். வாய் வழியாக உள்ளே வந்த தண்ணீர் செவுள்மேல் ஓடிப் பக்கவாட்டு மூடி வழியாக வெளியே போகிறது. வாய் திறக்கும்போது மூடி மூடியிருக்கும், வாய் மூடும்போது அது திறக்கும். மீன்தொட்டி இருந்தால் இதைத் தாளம் போட்டுக்கூட எண்ணலாம். சரி, காற்றில்தான் முப்பது மடங்கு ஆக்ஸிஜன் இருக்கிறதே, தரையில் கிடக்கும் மீன் ஏன் திணறுகிறது? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இதைக் கேட்டே தீரும். தண்ணீர் தாங்கிப் பிடித்தால்தான் அந்தத் தகடுகள் விரிந்து நிற்கும். வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பரப்பு சுருங்கிவிடுகிறது.

இப்போது நீர்ப்பூச்சிகளின் குமிழிக்கு ஒரு நிமிடம் திரும்பலாம். அது வெறும் சேமிப்பு மட்டுமல்ல. குமிழிக்குள் இருக்கும் ஆக்ஸிஜனைப் பூச்சி செலவழிக்க, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து புது ஆக்ஸிஜன் குமிழிக்குள் கொஞ்சம் ஊடுருவி வரும். சிறிய பூச்சிகளுக்கு இதனால் மூழ்கும் நேரம் நன்றாகவே நீளும். ஆனால் குமிழியில் உள்ள நைட்ரஜன் மெல்லத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருப்பதால் குமிழி சுருங்கும். அப்போது மேலே வந்துதான் ஆக வேண்டும்.

செவுளும் இல்லாமல், தோல் வழியாகவே காரியத்தை முடித்துக்கொள்ளும் உயிர்களும் உண்டு. அட்டை அப்படித்தான். சேற்றில் நெளியும் சிவப்புப் புழுவைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அது கொசுவைப் போலவே தோன்றும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. அதன் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் அதே வகைப் பொருள். அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு என்பதால் அதற்கு இந்த ஏற்பாடு. யார் ரத்தத்தையும் அது குடிப்பதில்லை.

ஆக, மூச்சுக்கு இரண்டு ஊற்று: மேலே இருக்கும் காற்று, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று. குழாயும் குமிழியும் முதலாவதற்கு, செவுளும் தோலும் இரண்டாவதற்கு. இனிப் பார்க்கப்போகும் இரண்டு உயிர்களும் இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் தாவுகின்றன.

தட்டானின் மறுபாதி

தட்டானை வானத்துப் பூச்சியாகவே நமக்குத் தெரியும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கழிகிறது. வகையைப் பொறுத்துச் சில மாதங்கள், சிலவற்றில் சில ஆண்டுகள்கூட. இந்த இளம்பூச்சிக்கு இறக்கை கிடையாது, பழுப்பாகச் சேற்று நிறத்தில் இருக்கும், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளைக் கட்டிப்போட இதைவிட நல்ல ஆள் குளத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதன் செவுள் இருக்கும் இடம் குடலின் கடைசிப் பகுதி. பின்பக்கத்தால் தண்ணீரை உள்ளே இழுத்து, ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, அதே வழியாக வெளியே விடுகிறது. ஆபத்து வந்தால் அந்தத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து முன்னால் பாய்ந்து தப்பிக்கும். “பின்னாடியா மூச்சு விடுது?” என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்துத் தெரிந்துகொண்டது மறக்காது. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரும் துளி வண்டலும் விட்டு அதில் இளம்பூச்சியை வைத்தால், அதன் பின்னால் வண்டல் விட்டு விட்டு அசைவது தெரியும். அதுதான் அதன் மூச்சு.

ஒல்லியான உடலும், உட்காரும்போது முதுகுக்கு மேல் சேர்த்து மடக்கும் இறக்கையும் கொண்ட ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கு அமைப்பு வேறு. வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “எது எந்தத் தட்டானின் பிள்ளை?” என்று கேட்டால் போதும். பெயர் தானாக மனதில் நிற்கும்.

சாப்பாட்டு விஷயத்திலும் இது சாமானியப்பட்டதில்லை. கீழுதடு மடிந்து தாடைக்கு அடியில் இருக்கும். இரை பக்கத்தில் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்த உதடு முன்னே பாய்ந்து கவ்விக்கொண்டு வந்துவிடும். கொசுப்புழு, தலைப்பிரட்டை, சிறு மீன் எல்லாம் அதற்கு இரை. குளம் இருந்தால் கொசு பெருகும் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம். தட்டானும் மீனும் நீர்வண்டும் இருக்கும் குளத்தில் கொசுப்புழு பிழைப்பது கடினம். இவை யாரும் எட்டிப் பார்க்காத வாளியும் பழைய டயரும்தான் அதற்கு வசதி.

வளர்ச்சி முடிந்ததும் இளம்பூச்சி ஒரு தண்டில் ஏறித் தண்ணீரைவிட்டு வெளியே வரும். முதுகுப் பக்கம் தோல் பிளந்து தட்டான் வெளிப்படும். காலிச் சட்டை தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வலை வேண்டாம், தண்ணீரில் கை வைக்கவும் வேண்டாம். கரையோரச் செடிகளில் தேடினால் கிடைக்கும். அதன் பிளந்த பகுதியில் வெள்ளை நூல்கள் தொங்கும். பூதக்கண்ணாடியில் காட்டுங்கள். முன்பு சொன்ன மூச்சுக்குழல்களின் உள்தோல்தான் அது. சட்டையோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது?

தவளை முட்டைகள் வழவழப்பான குழம்பில் கொத்தாகக் கிடக்கும்; தேரையின் முட்டைகள் பெரும்பாலும் நீண்ட சரமாக இருக்கும். பொரிந்து வந்த தலைப்பிரட்டைக்கு முதலில் தலையின் இருபுறமும் வெளியே தெரியும் செவுள்கள் இருக்கும். சில நாளில் தோல் வளர்ந்து அவற்றை மூடிவிடும். பிறகு உள்ளே நுரையீரல் உருவாகிறது. வளர்ந்த தலைப்பிரட்டை அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், அது அணி மாறிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லலாம். முழுத் தவளையானதும் நுரையீரலோடு ஈரத் தோலும் மூச்சுக்கு உதவும்.

இப்படி உடலின் அமைப்பே மாறி வேறு வாழ்க்கைக்குப் போவதற்கு உருமாற்றம் என்று பெயர். கொசுவுக்கு நடுவில் கூட்டுப்புழுப் பருவம் உண்டு. தட்டானுக்கு அது கிடையாது.

வால் விஷயத்துக்கு வருவோம். அது அறுந்து விழுவதில்லை. பல்லியின் வாலைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணமாக இருக்கலாம். தலைப்பிரட்டையின் வால் உள்ளுக்குள்ளேயே கரைக்கப்பட்டு, அதன் சத்து உடலுக்குத் திரும்பப் போகிறது. அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. பாசியைச் சுரண்டித் தின்ற சிறிய வாய் மறைந்து பூச்சியைப் பிடிக்கும் அகன்ற வாய் அமைகிறது. நீண்டு சுருண்டிருந்த குடல் குட்டையாகிறது. இந்த வேலை நடக்கும் நாட்களில் அதனால் சாப்பிட முடியாது. வால் சோறு போடுகிறது.

தலைப்பிரட்டையைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் எனக்கு ஒப்புவதில்லை. சிறிய பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடானால் ஆக்ஸிஜன் குறையும் என்பதை மேலே பார்த்தோம். அதைவிட மோசம், முன்னங்கால் வந்த பிறகு ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால் அது தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகும். வாரத்துக்கு ஒரு முறை குளத்துக்கே போய்ப் பார்த்து, கால் வந்துவிட்டதா என்று படம் வரைந்து வைத்துக்கொண்டால் அதே பாடம் கிடைக்கும்.

தண்ணீர்மேல் நடப்பவை

மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டே ஓடும் ஒல்லிக்கால் பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றுக்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை, காற்றிலேயே இருக்கின்றன. மூழ்காமல் இருப்பதுதான் கேள்வி. தண்ணீரின் நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் இருப்பவற்றை மேலிருந்து இழுக்க ஆள் இல்லை. பக்கத்திலிருந்தும் கீழிருந்தும்தான் இழுப்பு. அதனால் மேற்பரப்பு விறைப்பாக நிற்கிறது. இதுதான் பரப்பு இழுவிசை. பூச்சியின் கால்களில் தண்ணீர் ஒட்டாத ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் இருப்பதால், கால் அந்தப் பரப்பை அழுத்திக் குழியாக்குமே தவிரக் கிழிக்காது. கால் பதிந்த இடத்துக் குழிகள் தெளிந்த தண்ணீரின் அடியில் வட்ட நிழலாக விழும்.

செய்து பார்க்க: ஒரு கிண்ணத் தண்ணீரில் மெல்லிய டிஷ்யூ தாளைப் போட்டு, அதன்மேல் ஜெம் கிளிப்பை வையுங்கள். தாள் நனைந்து அமிழ்ந்த பிறகும் கிளிப் மிதக்கும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் கிளிப் மூழ்கும். இதைக் குளத்தில் செய்து பார்க்கக் கூடாது என்பதற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது.

பச்சைத் தண்ணீர், தெளிந்த தண்ணீர்

பச்சையாக இருந்தால் கெட்ட குளம், கண்ணாடியாக இருந்தால் நல்ல குளம் என்று நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பச்சை என்பது பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகள். குளத்துச் சாப்பாட்டின் அடித்தளமே அதுதான். டாஃப்னியா என்ற, சில மில்லிமீட்டருக்கு மேல் வளராத சிறு உயிர் அந்தப் பாசியை வடிகட்டித் தின்னும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடல் கண்ணாடிபோல் இருக்கும், உள்ளே இதயம் படபடவென்று அடிப்பதுகூடத் தெரியும். டாஃப்னியாவைத் தட்டான் இளம்பூச்சி தின்னும், மீன் குஞ்சு தின்னும். தட்டான் இளம்பூச்சி மீன் குஞ்சையும் தின்னும். அந்த மீன் குஞ்சு பெரிதானால் தட்டான் இளம்பூச்சியைத் தின்னும். இதனால்தான் உணவுச் சங்கிலி என்று நேர்கோடு போடுவதைவிட உணவு வலை என்பது பொருத்தம். யார் யாரைத் தின்கிறார்கள் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு உயிராக நின்று நூலைப் பிடித்து விளையாடினால், சில நிமிடத்தில் நூல் சிக்கலாகிவிடும். சிக்கலாவதுதான் சரி.

ஆனால் பாசி அளவுக்கு மீறினால் மூச்சுக் கணக்கு தப்பும். செடிகளும் பாசிகளும் பகலில் ஆக்ஸிஜனைத் தருகின்றன. இரவில் வெளிச்சம் இல்லாததால் தருவது நின்றுபோக, அவையும் மற்ற உயிர்களைப் போல அதை எடுத்துக்கொள்வது மட்டும் தொடர்கிறது. விடியும் நேரத்தில் கரைந்த ஆக்ஸிஜனின் அளவு மிகவும் குறைந்துபோயிருக்கும். உரமும் கழிவும் சேர்ந்த குளத்தில் பாசி பெருகி, செத்து, அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்களும் ஆக்ஸிஜனைச் செலவழித்தால், காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்படிப் பார்த்தால் அது விளையாட்டு என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

கரையில் செய்ய வேண்டியவை

முதலில் பாதுகாப்பு. சிறு பிள்ளை மூழ்க ஆழம் தேவையில்லை, சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது. தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைமேலும் பெரியவர் ஒருவரின் கண் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் அப்போது போனைப் பார்க்கக் கூடாது, வலையும் வீசக் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தட்டைக் கரையிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீரைப் பெரியவர்களே மொண்டு வந்து ஊற்றுவது நல்லது. கையில் காயம் இருந்தால் குளத்துத் தண்ணீர் படாமல் மூடுங்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் வாய்ப் பக்கம் கை போகக் கூடாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம்: மெல்லிய கண்ணி உள்ள சிறு வலை, வெள்ளை நிற ஆழமில்லாத தட்டு, பூதக்கண்ணாடி. வெள்ளை முக்கியம், கறுப்பான பொடி உயிர்களும் அதில் துலங்கும். வலையை நடுத் தண்ணீரில் வீசுவதைவிடக் கரையோரச் செடிகளுக்கு நடுவில் மெல்ல இழுத்தால் நிறையக் கிடைக்கும். தட்டில் கொட்டியதும் வெறும் வண்டலாகத் தெரியும். இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். தட்டு நகர ஆரம்பிக்கும்.

பேச்சில் ஒரு கட்டுப்பாடு உதவும். பிள்ளை “இது என்ன?” என்று கேட்டதும் பெயரைச் சொல்லிவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. “மேலே வருதா, அடியிலேயே இருக்கா?”, “கால் எத்தனை?” என்று திருப்பிக் கேளுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி. கால் இல்லையென்றால் நத்தையோ அட்டையோ புழுவோ. கொசுப்புழுவும் இந்தக் கூட்டத்தில்தான் வரும், வளர்ந்து ஆறு காலோடு பறந்து போகும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வரையட்டும். வரையும்போதுதான் செவுள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மறுபடி குனிந்து பார்ப்பார்கள். பெயர் கடைசியில் வரட்டும், பிள்ளையே வைத்த பட்டப்பெயரோடு சேர்ந்து இருக்கட்டும்.

தட்டை வெயிலில் வைக்காதீர்கள். பார்த்தது போதும் என்றதும், எடுத்த இடத்திலேயே, தண்ணீரை ஒட்டிச் சாய்த்து மெல்ல விடுங்கள். வீட்டுத் தொட்டி மீனையோ வேறு குளத்துச் செடியையோ இங்கே கொண்டுவந்து விட வேண்டாம். புதிதாக வந்தவை உள்ளூர் உயிர்களை விழுங்கிப் பெருகிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. வலை, தட்டு, செருப்பு எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காய வைத்த பிறகே அடுத்த குளத்துக்கு எடுத்துப்போக வேண்டும். கைட்ரிட் என்ற பூஞ்சை ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு குளத்துக்குக் குளம் போகக்கூடியது. 1999-ல் அறிவியலில் முறையாக விவரிக்கப்பட்ட இந்தப் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்குகிறது. தவளை தண்ணீரையும் உப்பையும் அளவாக வைத்துக்கொள்வது அந்தத் தோலால்தான். நோய் முற்றினால் அதன் இதயமே நின்றுவிடும்.